கடைசியாகக் கை வைத்தது எங்கே?

2015 டிசம்பர் 2 அன்று சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டு, அடையாறு கரையோரத் தெருக்களுக்குள் புகுந்திருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு, சேறு படிந்த வண்டிகள் ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போயின. கழுவி, ஆயில் மாற்றி, பில்டர் மாற்றி, பில்லும் போட்டாயிற்று. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்?

வெள்ளம் வந்தால்தான் இந்த அவதி என்றில்லை. கிளட்ச் மாற்றிய லாரி, ஹெட் இறக்கி ஏற்றிய டெம்போ, வெறும் டீசல் பில்டர் மாற்றிய லோடு வண்டி என எதற்கும் வரும்.

“அண்ணே, செல்ஃப் நல்லா சுத்துது, ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது” என்று டிரைவர் போன் செய்தால், அனுபவமுள்ள மெக்கானிக் பம்பைப் பற்றிப் பேசமாட்டார். “கடைசியா என்னப்பா கழட்டுனீங்க?” என்பார். அடுத்த கேள்வி, “சைலன்சர்ல புகை வருதா?”

பாதி நோய் இந்த இரண்டு கேள்விகளிலேயே பிடிபட்டுவிடும். ரிப்பேருக்கு முன்பு ஓடிய வண்டி ரிப்பேருக்குப் பின் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் கை பட்ட இடத்தில்தான் கோளாறு இருக்கும். அதைப் பார்க்காமல் டீசல் பம்பைக் கழற்றிக் கொடுப்பது உரிமையாளரின் பணத்துக்குச் செய்யும் அநியாயம்.

ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவம் இன்றும் மாறவில்லை. இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நசுக்கும்போது வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நேரம் பார்த்து நாசில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், கம்ப்ரஷன் இருக்க வேண்டும், டீசல் சரியான கணத்தில் வரவேண்டும்.

புகையைக் கேட்பதும் அதனால்தான். செல்ஃப் சுற்றும்போது புகையே இல்லையென்றால், சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது டைமிங்கையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும்.

டீசல் போகாததற்குப் பழைய மாடல் வண்டிகளில் முதல் காரணம் ஏர் லாக். பில்டரைக் கழற்றினாலே லைனில் காற்று புகுந்துவிடும். காற்று நசுங்கும், டீசல் நசுங்காது. பம்பு தள்ளுகிற அழுத்தமெல்லாம் அந்தக் காற்றுக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விட, நாசில் திறப்பதில்லை. மெக்கானிக் பில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு ஹேண்ட் பிரைமரை அடிப்பார். முதலில் சோடாவைப் போல நுரைத்துக்கொண்டு வரும். பிறகு ‘புஸ் புஸ்’ என்று விட்டுவிட்டு வரும். நுரை அடங்கி, டீசல் கம்பிபோல ஓடத் தொடங்கியதும், அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை முறுக்குவார். பிரைமர் கையில் கெட்டியாகிவிட்டால் வேலை முடிந்தது.

மறுநாள் காலையில் மீண்டும் அதே கதை என்றால், டேங்கிலிருந்து பம்பு வரையுள்ள லைனைப் பார்க்க வேண்டும். அங்கே டீசல் உறிஞ்சப்படுவதால், ஓட்டையிருந்தாலும் பெரும்பாலும் சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டதுகூட இதற்குப் போதும். புது வாஷர் சில ரூபாய்தான்.

கிளட்ச் வேலை செய்த லாரியில் வேறு வகைக் கோளாறு. கியர் பாக்ஸ் இறக்கும்போது கழற்றிய எர்த் கேபிளை மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது துருவின் மேலேயே முறுக்கியிருப்பார்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரியும் புதிதாக இருந்தாலும் செல்ஃப் சோம்பிச் சுற்றும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பார்த்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுமானால் எர்த்தைச் சந்தேகிக்கலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இந்தக் கைவைத்தியம் பாதியில் நின்றுவிடும். காமன் ரெயிலில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் ஏறினால்தான் இஞ்செக்டரைத் திறக்கக் கம்ப்யூட்டர் அனுமதிக்கும். லாரி டயரில் இருப்பதைப்போல அது 25 மடங்கு. கிராங்க் சென்சார் பிளக் சரியாக உட்காராவிட்டாலும் எஞ்சின் சும்மா சுற்றும். ஸ்கேனரை மாட்டி ரெயில் அழுத்தத்தைப் படிப்பதுதான் இங்கே வழி. பழைய பழக்கத்தில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால், நசுங்காத அந்தத் தண்ணீரின் மேல் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளையும். அப்புறம் எத்தனை பில்டர் மாற்றினாலும் பயனில்லை.

டிரைவர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஸ்டார்ட் ஆகாத வண்டியில் 10, 15 விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள், மோட்டார் கருகிவிடும். வண்டியை வெளியே எடுக்கும்போது, எதையெல்லாம் கழற்றி மாட்டினார்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து பார்க்கப்போகிற மெக்கானிக் முதலில் கேட்பது அதைத்தான்.