கறிக்கு வந்த குரங்கு, மடிக்கு வந்த குட்டி

காட்டோரத்து வீடுகள் – 9

குரங்கு வளர்த்த மிஷனரித் தம்பதிகளைப் பற்றி எழுதுவதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன். ஆப்பிரிக்கா, போர்னியோ, அமேசான் எங்கும் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை. நான் லாம்பரேனேயில் சுவைட்சர் தம்பதி வாழ்ந்த வீட்டை எடுத்துக்கொள்கிறேன். அந்த வீட்டில் குரங்கு முதலில் நுழைந்தது அடுப்படிக்குள். மடிக்கு வந்தது ரொம்பப் பின்னால்தான்.

1913 ஏப்ரலில் ஆல்பர்ட் சுவைட்சரும் மனைவி ஹெலனும் காபோன் நாட்டின் ஒகோவே ஆற்றங்கரையில் உள்ள லாம்பரேனேயில் இறங்கினார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் இறையியல் படித்தவர், ஆர்கன் வாசிப்பதில் பேர்பெற்றவர்; முப்பது வயதுக்குமேல் மருத்துவம் படித்து டாக்டரானவர். அந்த அம்மாள் அவரோடு போவதற்காகவே நர்ஸ் பயிற்சி எடுத்தவர். பாரீஸ் மிஷன் சங்கத்துக்கு சுவைட்சருடைய இறையியல் கருத்துகள்மேல் சந்தேகம். அதனால் வைத்தியம் மட்டுமே பார்ப்பேன், பிரசங்கம் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, செலவையும் தானே ஏற்று வந்தார். (வந்த பிறகு அங்கிருந்த மிஷனரிகளே அவரைப் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள் என்பது வேறு கதை.)

அண்டெண்டே குன்றின்மேல் அவர்கள் வீடு. இரும்புத் தூண்களின்மேல் நாலு சின்ன அறை, சுற்றிலும் வராந்தா. முதல் ராத்திரி விளக்கை அணைப்பதற்குமுன் சிலந்தியையும் பறக்கும் கரப்பானையும் துரத்துவதிலேயே நேரம் போயிற்று. முதலில் ஆஸ்பத்திரி என்று ஒன்றும் இல்லை. பழைய கோழிக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து அதில் நோயாளிகளைப் பார்த்தார் டாக்டர். கூரை ஓட்டை, உள்ளே வேலை செய்யும்போதும் வெயில் தொப்பியைக் கழற்ற முடியாது. மொழிபெயர்ப்பாளர் ஜோசப் அசோவானி முன்பு சமையல்காரர். நோயாளிக்கு எங்கே வலி என்பதைக் கசாப்புக்கடைக் கணக்கில்தான் சொல்லுவார், ஆட்டுக்கறியில் எந்தத் துண்டோ அந்தத் துண்டில் என்று.

ஹெலன் காலையில் வீட்டைப் பார்ப்பார். பிறகு கருவிகளைக் கொதிக்கவைப்பது, கட்டுத்துணிகளைத் துவைக்க ஏற்பாடு செய்வது, அறுவை சிகிச்சையின்போது மயக்கமருந்து கொடுப்பது. ராத்திரியும் அவருக்கு விடுமுறை இல்லை. படையெறும்புக் கூட்டம் கோழிக்கூட்டை நோக்கி வந்தால் கோழிகள் ஒரு தினுசாகக் கத்தும். டாக்டர் கூட்டைத் திறந்துவிட ஓடுவார். ஹெலன் சுவரில் மாட்டியிருக்கும் ஊதுகொம்பை எடுத்து மூன்று முறை ஊதுவார். கீழே ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் ஆற்றுத்தண்ணீரை வாளிவாளியாகக் கொண்டுவருவார்கள். அதில் லைசால் கலந்து வீட்டைச் சுற்றிக் கொட்டுவார்கள். சுவைட்சரைப் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலும் இசைமேதை பாக்கும் தத்துவமும்தான் நிறைந்திருக்கும். நடுராத்திரியில் கொம்பு ஊதிய இந்தப் பெண்மணிக்கு அவற்றில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

முதல் உலகப்போர் வந்தது. அல்சாஸிலிருந்து வந்த அவர்கள் அன்றைய கணக்குப்படி ஜெர்மானியர். பிரெஞ்சுக் காலனியில் எதிரிகள். வீட்டுக்காவல். கப்பல் வருவது குறைந்தது, சாமான் தட்டுப்பாடு. மிஷனில் இருந்த ஒருவர் வேட்டைக்காரர் ஒருவரை வைத்திருந்தார். கிடைத்ததில் ஒரு பங்கை டாக்டர் வீட்டுக்கும் அனுப்புவார். காட்டில் சுலபமாகச் சுடக் கிடைப்பது குரங்கு. ஆக, குரங்குக் கறி. கிட்டத்தட்ட ஆட்டுக்கறி மாதிரி, கொஞ்சம் தித்திப்பாக இருக்கும் என்று சுவைட்சரே எழுதியிருக்கிறார். டார்வின் சொன்னதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் குரங்குக் கறி என்றால் ஒரு தயக்கம் போவதில்லை என்றும் வேடிக்கையாகச் சொல்கிறார். குரங்கைத் தின்பது மனிதனைத் தின்பதற்கு முதல் படி என்றாராம் அவருக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரர்.

அதே போர்க்காலத்தில்தான், 1915 செப்டம்பரில், இன்னொரு மிஷனரியின் நோயுற்ற மனைவியைப் பார்க்கப் படகில் போகும்போது, சூரியன் சாயும் நேரம், நீர்யானைக் கூட்டத்தின் நடுவே, உயிர்கள்பால் பயபக்தி என்ற அவருடைய வாழ்நாள் கருத்து பிறந்தது. அவரை மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. பசித்த வீட்டில் கிடைத்ததைத்தான் சாப்பிட முடியும்.

வேட்டை நடக்கும் காட்டில் குட்டிகள் மிஞ்சும். தாய்க்குரங்கு சுடப்பட்டு மரத்திலிருந்து விழும்போது வயிற்று மயிரைப் பற்றியிருக்கும் குட்டி பிடியை விடாது; சேர்ந்தே விழும், பல சமயம் உயிரோடு. அதன் உடம்பில் கறி கிடையாது. ஆனால் வெள்ளைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனால் ஏதாவது கிடைக்கும். மிஷன் பங்களாக்களின் செல்லக் குரங்குகள் பல வந்த வழி இதுதான். வந்த குட்டி, பாலைவிட முதலில் பற்றிக்கொள்ள ஓர் உடம்பைத் தேடும். உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1958இல் பரிசோதனைச் சாலையில் காட்டினார்: பால் தரும் கம்பிப் பொம்மையை விட்டுவிட்டுத் துணி சுற்றிய பொம்மையையே குட்டிகள் கட்டிக்கொண்டன. குட்டி வளர்த்த மிஷன் பெண்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும். இறக்கிவிட்டால் கத்தும், இடுப்பில் வைத்துக்கொண்டே வேலை பார்க்கவேண்டும்.

சுவைட்சரின் ஆஸ்பத்திரி 1927இல் ஆற்றோரம் வேறிடத்துக்கு மாறியது. அங்கே குரங்கும் சிம்பன்சிக் குட்டியும் நடமாடின. பார்சிஃபால் என்ற கூழைக்கடா இருந்தது, மான்கள் இருந்தன. சிஸி என்ற பூனை கைமேல் தூங்கிவிட்டால் அந்தக் கையை அசைக்காமல் மற்றக் கையால் எழுதுவாராம் டாக்டர். ஹெலனுக்கு இந்தக் கூட்டத்தோடு இருக்கக் கிடைத்த காலம் குறைவு. காசநோய் அவரை ஐரோப்பாவிலேயே கட்டிப்போட்டது. 1924இல் ஐரோப்பாவிலிருந்து கணவர் அவர் இல்லாமல்தான் லாம்பரேனே திரும்பினார். 1941இல், போரின் நடுவே, லிஸ்பனும் அங்கோலாவும் சுற்றி அந்த அம்மாள் வந்து சேர்ந்தார். 1946 வரை இருந்தார்.

வந்து பார்த்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள்: நோயாளிகள் நடுவே இத்தனை மிருகமா என்று. எனக்கு உறுத்துவது வேறு. ஆப்பிரிக்கர் என் சகோதரர், ஆனால் நான் மூத்தவன் என்று எழுதியவர் சுவைட்சர். அதே அண்ணன் மனசுதான் குட்டிக் குரங்கையும் தூக்கிக்கொண்டது. குரங்குக்கு அதில் ஆட்சேபம் இருந்திருக்காது.

திருக்குறளைப் புகழ்ந்து 1935இல் எழுதியவர் இவர் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். புலால் மறுத்தலில் வள்ளுவர் வாங்குபவனையும் கணக்கில் சேர்க்கிறார். சுவைட்சருக்கும் அந்தக் கணக்கு தெரியும். மணல்திட்டில் பிடிபட்ட மீன்கொத்திக் கழுகுக் குஞ்சு ஒன்றைக் காசு கொடுத்து மீட்டார். மீட்டதைக் காப்பாற்ற தினமும் மீனைக் கொல்லவேண்டும், அந்தப் பொறுப்பு தினமும் தன்மேல் என்று எழுதினார். ஆனால் காசு கொடுத்து வாங்கினால் அடுத்த குஞ்சும் வரும். குரங்குக் குட்டி என்றால், அடுத்த தாயும் சுடப்படும். இன்று ஆப்பிரிக்காவில் அநாதைச் சிம்பன்சிகளை வளர்க்கும் சரணாலயங்கள் குட்டியை விலைக்கு வாங்குவதில்லை. பெரும்பாலும் அரசு பறிமுதல் செய்ததையே ஏற்கின்றன. லாம்பரேனே வராந்தாவில் அப்படி ஒரு விதி இல்லை. கூடையோடு ஒருவர் படியேறி வந்தால் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது.

அடுத்த வாரம் 1848இல் சரவாக்கின் கூச்சிங்கில் இறங்கிய மெக்டூகல் தம்பதி.

(தொடரும்)