அடுப்புக்கும் மூச்சுத் திணறும்

போன ஐப்பசியில் அடைமழை பிடித்த வாரம். சமையலறையிலிருந்து வெளியே வந்த என் மனைவி, "ஏங்க, தலை விண்ணுவிண்ணுனு வலிக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் வெளிக்காற்று பட்டதும் சரியாகிவிட்டது. மறுநாளும் அதே கதை. ரத்த அழுத்தம் பார்த்தோம், ஒன்றும் குறையில்லை.

வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு, ஒரே கணக்கு இரண்டு நாள் இடித்தால் தூக்கம் வராது. வலி வருவது அடுப்படியில், போவது வெளியில். அப்படியானால் கோளாறு உடம்பில் இல்லை.

ஓய்வு பெற்று தோட்டத்துக்கு வந்த புதிதில் ஆசையாகக் கட்டிய இரட்டை அடுப்பு அது. புகையில்லா அடுப்பு என்று பெயர். 4 அங்குலத் தகரக் குழாய்தான் புகைபோக்கி. முன்பெல்லாம் தீயை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். இப்போது தீ வாய்க்கு வெளியே நாக்கை நீட்டியது. மழைக்கால விறகு, ஈரம் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

களையெடுக்க வரும் அம்மா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், வெறகத் திட்டி என்ன பண்ண? கொழாய் அடைச்சுக் கெடக்குதுங்க" என்றார்.

மழை விட்டதும் அடுப்பை ஆறவிட்டு, மகன் ஏணியைப் பிடிக்க மேலே ஏறினேன். மழைத் தண்ணீர் இறங்கக் கூடாதென்று மேஸ்திரி தொப்பியைக் குழாய் வாயோடு ஒட்டியே வைத்திருந்தார். ஒரு விரல்கூட நுழையாது. சுவரோரம் இருந்த 'எல்' வளைவைக் கழற்றினால், உள்ளே சுற்றிலும் அரை அங்குலத்துக்குக் கரி தார் மாதிரி இறுகிக் கிடந்தது. அரை அங்குலம்தானே என்று நினைக்க வேண்டாம். 4 அங்குல வழி 3 அங்குலமாகிறது. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், புகை போகும் வழியில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போயிருக்கும்! ஈர விறகும் காயாத தென்னை மட்டையும் எரித்தால் அந்த ஆவி குளிர்ந்த குழாயில் இப்படித்தான் படியும். ஆக, விறகு மேலும் தப்பு உண்டு.

புகையாவது கண்ணை எரித்து ஆளை வெளியே விரட்டும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்தான் அது கொடுக்கும் நோட்டீஸ். ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

'எல்' வளைவுக்குப் பதில் 'டீ' வைத்தோம். அதன் கீழ்வாய்க்கு ஒரு மூடி. உதிரும் கரி அங்கே விழும், திறந்து அள்ளிவிடலாம். தொப்பியை மூன்று கம்பிக் கால் வைத்து 4 அங்குலம் தூக்கினோம். குழாயின் தலை கூரை முகட்டுக்குக் கீழே இருந்ததால் காற்று புகையைத் திருப்பி அமுக்கியது; முகட்டைத் தாண்டி இரண்டடி ஏற்றினோம். உங்கள் வீட்டில் பழைய கல்நார்க் குழாய் இருந்தால் மட்டும் அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

கயிற்றில் தேங்காய் நார்க் கட்டு, அடியில் ஒரு கல். மேலிருந்து இறக்கி ஏற்றினால் குழாய் சுத்தம். மூக்கு வாயில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். அடுப்புச் சாம்பலைக் கத்தரியில் அசுவினிக்குத் தூவுகிறோம். இந்தத் தார்க்கரியை எருக்குழியில் சேர்ப்பதில்லை.

அமாவாசைக்கு அமாவாசை துடைக்கிறோம். முதல் மாதம் அரைப்படி கரி வந்தது. விறகைக் கொட்டகையில் அடுக்கிக் காயவைக்க ஆரம்பித்த பிறகு, போன தடவை ஒரு கைப்பிடிகூட வரவில்லை.