கும்பகோணம் பையனைக் கெடுத்த 'கார்'!

பிள்ளைப்பாக்கம், ஒரகடம் வட்டாரத்தில் 'கார்' என்றால், தொழிற்சாலை வாசலில் லாரி ஏறிப் போகும் கார்தான் ஞாபகத்துக்கு வரும். கணக்கு வாத்தியார்களைக் கேட்டால் வேறு ஒரு காரைச் சொல்வார்கள். அது ஒரு ஆளின் பெயர். ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார். லண்டனில் டியூஷன் சொல்லிக்கொடுத்த வாத்தியார்.

அவர் போட்ட புத்தகம், கும்பகோணத்தில் ஒரு பையனின் படிப்பையே குட்டிச்சுவர் ஆக்கியது. அதே புத்தகம்தான் அவனை உலக மேதையும் ஆக்கியது!

அந்தப் பையன் கணித மேதை ராமானுஜன். பெயரிலேயே இந்தப் பக்கத்து வாசனை உண்டு. பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த மகான் ராமானுஜரின் பெயர் அது.

இரவல் புத்தகம்

தகப்பனார் சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கர். சம்பளம் மாதம் 20 ரூபாய் அளவில். வீட்டுச் செலவைச் சமாளிக்க, கல்லூரி மாணவர்களைச் சாப்பாடு போட்டுத் தங்க வைத்திருந்தார்கள். அவர்களுடைய கணக்குப் புத்தகங்களை எல்லாம் ராமானுஜன் கரைத்துக் குடித்துவிட்டார்.

1903-ல், அரசுக் கல்லூரி நூலகத்தில் இருந்து நண்பர் மூலம் காரின் புத்தகம் இரவலாக வந்தது. ராமானுஜன் அப்போது பள்ளிக்கூட மாணவர். வயது 15, 16 இருக்கும்.

அது பாடப்புத்தகம் அல்ல, 'ரெபரன்ஸ்' புத்தகம். பாடப்புத்தகம் கையைப் பிடித்து அழைத்துப்போகும். ரெபரன்ஸ் புத்தகம் அப்படி இல்லை. ரெயில்வே கால அட்டவணை மாதிரி. எந்த ஸ்டேஷன், எத்தனை மணி என்று இருக்கும். ரெயில் எப்படி ஓடுகிறது என்று இருக்காது. அல்ஜீப்ரா, திரிகோணமிதி, கால்குலஸ், வடிவ கணிதம் என்று சுமார் 5 ஆயிரம் விடைகளை நம்பர் போட்டு அடுக்கியிருந்தார் கார். 'ஏன், எப்படி' என்பதற்கு ஒரு வரி இருந்தால் அதிகம். கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் படிப்பவர்கள் புரட்டிப் பார்ப்பதற்காகத் தயாரித்தது அது.

ராமானுஜன் புரட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் தானே நிரூபிக்க உட்கார்ந்துவிட்டார்!

அதோடு மற்ற பாடங்கள் போச்சு. கல்லூரியில் இங்கிலீஷில் கோட்டை விட்டு, உதவித்தொகை பறிபோனது. 1905-ல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. எப்.ஏ. பரீட்சையில் இரண்டு தடவையும் தோல்வி. புத்தகத்தின் மேல் கேஸ் போட முடியும் என்றால், இதைவிடப் பலமான கேஸ் கிடைக்காது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. காரின் புத்தகம் அப்போதே பழசு. புதுக் கணக்கு அதில் கிடையாது. வேறு நல்ல புத்தகமும் கைக்கு எட்டவில்லை. ஐரோப்பாவில் எப்போதோ கண்டுபிடித்து முடித்ததை எல்லாம், சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில் உட்கார்ந்து மறுபடி கண்டுபிடித்துக்கொண்டு இருந்தார் ராமானுஜன். நல்ல நூலகம் ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால், அந்த வருடங்கள் மிச்சமாகி இருக்கும்.

டெபுடி கலெக்டர் கட்டிய 'சீட்டு'

புத்தகப் பஞ்சம் அவருக்கு மட்டும் அல்ல. உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கும்தான். வெளிநாட்டுக் கணக்குப் புத்தகத்தைத் தனி ஆள் வாங்கிக் கட்டுபடி ஆகாது.

டெபுடி கலெக்டர் வி. ராமசாமி அய்யர் ஒரு யோசனை செய்தார். 1906 கடைசியில் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆளுக்கு வருடம் 25 ரூபாய் போடுவது. அந்தப் பணத்தில் முக்கியமான புத்தகம், பத்திரிகை எல்லாம் வாங்குவது. தபாலில் ஒருவர் மாற்றி ஒருவர் படிப்பது. கிட்டத்தட்ட சீட்டு கட்டுகிற மாதிரிதான்!

1907-ல் 20 பேருடன் சங்கம் தொடங்கியது. அதுதான் இன்றைய இந்தியக் கணிதச் சங்கம். புத்தகங்கள் புனே பெர்குசன் கல்லூரியில் இருந்தன.

1910-ல் திருக்கோவிலூரில் இதே ராமசாமி அய்யரிடம் போய், குமாஸ்தா வேலை கேட்டு நின்றார் ராமானுஜன். கையில் நோட்டுப்புத்தகம். அதைப் புரட்டிப் பார்த்த அய்யருக்கு, இந்த ஆளைத் தாலுகா ஆபீஸ் கட்டுகளுக்குள் அடைக்க மனம் வரவில்லை. வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, சென்னைக்கு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். வேலை தராததற்காக ஒரு அதிகாரியைப் பாராட்டுவது இந்த ஒரு கேசில்தான்.

புத்தகம் வாங்கக் கூடிய அந்தச் சங்கத்தின் பத்திரிகைதான், 1911-ல் ராமானுஜனின் முதல் கட்டுரையை அச்சில் ஏற்றியது. 1912-ல் சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் 30 ரூபாய். சங்கத்தின் ஒரு வருட சந்தா, அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம்! அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். அப்புறம் நடந்தது ஊர் அறிந்த கதை.

நோட்டுப்புத்தகமே ரெபரன்ஸ் ஆனது

காகிதம் வாங்கக் காசு இல்லாமல், சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதியவர் ராமானுஜன். அதுவும் கார் பாணியிலேயே!

1920-ல் 32 வயதில் அவர் இறந்த பிறகு, உலகக் கணித நிபுணர்கள் திண்டாடினார்கள். விடை இருக்கிறது, வழி இல்லை. நோட்டுகளை 1957-ல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம் அப்படியே படம் எடுத்து அச்சிட்டது. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட், ஒவ்வொரு விடைக்கும் வழி கண்டு 5 பாகங்களாக வெளியிட்டார். முதல் பாகம் 1985. கடைசிப் பாகம் 1998.

இதற்கிடையே, 1976-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் பழைய காகிதங்களுக்கு நடுவே இன்னொரு கட்டு சிக்கியது. கண்டெடுத்தவர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ். 'தொலைந்த நோட்டு' என்று பெயர் வைத்தார்கள். அதன் அச்சுப் பிரதியை 1987 டிசம்பரில் பிரதமர் ராஜீவ்காந்தி வெளியிட்டார். முதல் பிரதி, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து காலம் தள்ளிய ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளுக்கு. அப்போது அவருக்கு வயது 88.

ராமசாமி அய்யர் சீட்டுக் கட்டிச் சேர்த்த அந்தச் சங்கத்தின் நூலகம், 1950-ல் புனேயில் இருந்து சென்னைக்கு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் உயர்கணித நிலையத்தில் இடம் கொடுத்தார்கள். பிள்ளைப்பாக்கத்தில் இருந்து சேப்பாக்கம் 40 கிலோமீட்டருக்குக் குறையாது. ஷிப்டு முடித்துவிட்டு அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஒரு சேதி: காரின் புத்தகத்துக்குக் காப்புரிமைக் காலம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. செல்போனிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.