யோங்பியோனில் ஒரு கண்ணாடிக் குப்பி

2004 ஜனவரி 8. வடகொரியாவின் யோங்பியோன் அணுசக்தி வளாகம். கூட்ட அறை மேசைக்கு ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. அதற்குள் ஒரு மரப்பெட்டி. மரப்பெட்டிக்குள் ஜாம் பாட்டில் போல இரண்டு கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் புளூட்டோனியம் கலந்த தூள், மற்றொன்றில் சுமார் 200 கிராம் புளூட்டோனியம் உலோகம் என்றார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சீக்ஃபிரிட் ஹெக்கர். அமெரிக்காவின் முதல் அணுகுண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் இயக்குநராக 1986 முதல் 1997 வரை இருந்தவர். புளூட்டோனியம்தான் அவருடைய துறை. குப்பியைக் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். கையுறை மாட்டிக்கொண்டு வாங்கினார். நல்ல கனம். கட்டடத்தில் தொட்டதெல்லாம் குளிரில் விறைத்திருக்க, குப்பியில் மட்டும் லேசான சூடு. புளூட்டோனியம் கதிரியக்கத்தால் தானாகவே வெப்பத்தை வெளிவிடும். அரசு அதிகாரி ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால், குப்பியைத் தொட்டுப் பார்க்கும் யோசனையே வந்திருக்காது.

ஹெக்கரை அங்கே அழைத்துப் போனவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லூயிஸ். சீன அரசியலில் கரை கண்டவர். இயற்பியலாளர் சிட்னி டிரெல்லோடு சேர்ந்து 1983-இல் அவர் தொடங்கியதுதான் இன்றைய சர்வதேசப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு மையம். அரசியல் படித்தவரும் இயற்பியல் படித்தவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார வேண்டும் என்ற ஏற்பாட்டின் பலன் யோங்பியோனில் தெரிந்தது. லூயிஸுக்குக் கதவைத் திறக்கத் தெரியும். உள்ளே இருப்பது என்ன என்று ஹெக்கருக்குத் தெரியும்.

சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்களை வடகொரியா 2002 கடைசியில் வெளியேற்றியிருந்தது. அதன்பின் உள்ளே நடப்பதை வெளியார் யாரும் நேரில் பார்க்கவில்லை. சுமார் 8,000 எரிபொருள் கோல்கள் இருந்த குளம் காலியாகிவிட்டதை இந்தக் குழுதான் கண்ணால் கண்டது.

விருந்தாளிகளைச் சும்மா அழைப்பார்களா? குண்டு செய்யும் வல்லமை வந்துவிட்டது என்ற சேதியை வாஷிங்டனுக்குக் கொண்டுசேர்க்க நம்பகமான ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஹெக்கருக்கும் அது தெரியாமல் இல்லை. அதனால்தான் ஜனவரி 21 அன்று அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழு முன் அளந்து பேசினார். பார்த்தவை புளூட்டோனியத்தின் தன்மையோடு ஒத்துப்போகின்றன. அதுதான் என்று அறுதியிட்டுச் சொல்லும் சோதனைகளை அங்கே செய்ய முடியவில்லை. உலோகம் செய்யத் தெரிவதும் குண்டு செய்யத் தெரிவதும் வெவ்வேறு, குண்டுக்கான சான்று எதையும் காணவில்லை என்றார். அழைத்தவர்களுக்கும் இது முழுத் திருப்தி தந்திருக்காது, கேட்டவர்களுக்கும் தந்திருக்காது. ஓர் அறிவியலாளரால் செய்யக்கூடிய உபகாரம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

இப்படிப் போய்வந்து பேசியது குண்டைத் தடுத்துவிடவில்லை. 2006 அக்டோபர் 9-இல் வடகொரியா முதல் சோதனையை நடத்தியது. வாஷிங்டன் எந்தெந்தத் திருப்பங்களில் வாய்ப்பைக் கோட்டைவிட்டது என்று ஹெக்கர் பின்னாளில் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அவருடைய பயணங்கள் நிற்கவில்லை. 2010 வரை ஏழு முறை போய்வந்தார். இதற்கிடையே, காசநோயைக் கண்டறியும் ஆய்வகம் ஒன்றை அங்கே அமைக்க ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் உதவினார்கள். குண்டுக் கதையில் இதெல்லாம் யார் கண்ணிலும் படுவதில்லை.

கடைசிப் பயணம் 2010 நவம்பரில். ஹெக்கர், லூயிஸ், அவர்களுடன் வந்திருந்த ராபர்ட் கார்லின் மூவரையும் ஒரு கட்டடத்தின் மேல்தளத்துக்கு ஏற்றிக் கீழே பார்க்கச் சொன்னார்கள். யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிகள் வரிசை வரிசையாக நின்றன. மொத்தம் 2,000 என்றார்கள். வடகொரியாவிடம் இந்தத் தொழில்நுட்பம் இருக்கலாம் என்ற சந்தேகம் பல வருடமாக இருந்தது. இவ்வளவு பெரிதாக, இவ்வளவு நவீனமாக இருக்கும் என்று ஹெக்கரே எதிர்பார்க்கவில்லை. ஊர் திரும்பியதும் பார்த்ததையெல்லாம் எழுதி வெளியிட்டுவிட்டார்.

அந்த அழைப்புக்குப் பிறகு கதவு மூடிக்கொண்டது. செயற்கைக்கோள் படத்தில் கூரையின் நீளத்தை அளந்து, உள்ளே எத்தனை கருவிகள் இருக்கும் என்று கணக்குப் போடுவதுதான் ஆய்வாளர்களின் பிழைப்பாகிவிட்டது. 2024 செப்டம்பரில் கிம் ஜோங் உன் அத்தகைய செறிவூட்டல் கூடம் ஒன்றில் நடக்கும் படங்களை அவருடைய அரசே வெளியிட்டது. அது எந்த ஊர்க் கூடம் என்பதை மட்டும் சொல்லவில்லை.