காற்றாலை மின்சாரம் மலிவா? ஒரு வணிகக் கணக்கு

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் நம் கடைகளில் வியாபாரம் சூடு பிடிக்கும். சீசன் மூன்று மாதம். போட்ட முதலுக்கு வட்டி பன்னிரண்டு மாதமும் ஓடும். இந்தக் கணக்கு தெரிந்த வணிகப் பெருமக்களுக்குக் காற்றாலைக் கணக்கும் எளிதில் விளங்கும். அருவியில் தண்ணீர் கொட்டச் செய்யும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து, தென்காசி, சுரண்டை வட்டாரக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது.

தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனாலும் "இது உண்மையில் மலிவுதானா?" என்ற வாதம் ஓயவில்லை.

வட்டிதான் விலை

அனல் மின்நிலையத்துக்கு அன்றாடம் நிலக்கரி வாங்க வேண்டும். காற்றுக்கு விலை இல்லை. இயந்திரம், கோபுரம், நிலம், மின்பாதை என்று செலவில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே முடிந்துவிடும். ஆகவே வட்டியும் காற்றின் வேகமுமே யூனிட் விலையை நிர்ணயிக்கின்றன.

ஒரு மெகாவாட் காற்றாலை ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் கிடைக்கும். நடப்பில் அதில் கால் பங்கு, அதாவது சுமார் 22 லட்சம் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக முதலீடு 7 கோடி ரூபாய், வட்டி 10 சதவீதம் என்றால், வட்டி மட்டும் யூனிட்டுக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 20 காசு. வட்டி 8 சதவீதமானால் 2 ரூபாய் 55 காசு. காற்று குறைந்த இடத்தில் உற்பத்தி 15 சதவீதமாகச் சரிந்தால், 10 சதவீத வட்டியில் 5 ரூபாய்க்கு மேல் போய்விடும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும் என்பதால், இடத்தேர்வில் தவறினால் நஷ்டம்தான்.

1990-களில் முதல் ஆண்டிலேயே முழு முதலையும் தேய்மானமாகக் கழிக்க வருமான வரிச் சலுகை இருந்தது. மின்சாரத்துக்காக அல்ல, வரிக்காகவே காற்றாலை போடுகிறார்கள் என்று அப்போது குறை சொன்னார்கள். அந்தத் தேய்மானம் 2017 ஏப்ரல் முதல் 40 சதவீதமாகக் குறைந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்த மத்திய அரசின் ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு வந்தது. மலிவு என்போரின் வாதத்துக்கு இது வலுவான சான்று.

கிடங்குச் செலவு யாருக்கு?

ஆனால் மே முதல் செப்டம்பர் வரை குவியும் இந்தச் சரக்கை மாசி, பங்குனிக்கு எப்படி வைத்திருப்பது? சொந்தக் காற்றாலை வைத்த ஆலைகள், சீசனில் மிஞ்சியதை மின்வாரியத்தில் வரவு வைத்துப் பிற மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெற்றன. "மலிவான நாளில் வாங்கி, கிராக்கியான நாளில் திருப்பித் தருகிறோம்" என்பது வாரியத் தரப்பின் வாதம். "சீசனில் நாங்கள் தருவதால் உங்களுக்கு நிலக்கரி மிச்சமாகிறதே" என்பது ஆலைகளின் பதில். இரண்டிலும் நியாயம் உண்டு. மலிவு என்பது கிடங்குச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று.

"கூட்டாகக் காற்றாலை போடலாம்" என்று யாரேனும் அணுகினால் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த இடத்தில் பல ஆண்டு காற்று அளவீடு உண்டா? 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோருக்கு 26 சதவீதப் பங்கும், உற்பத்தியில் 51 சதவீதச் சொந்த உபயோகமும் அமையுமா? நம் கடையின் மின் இணைப்புக்கு அந்த மின்சாரம் வந்து சேருமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகே பணத்தை எடுப்பது வணிகருக்கு அழகு.