கண்டோர் எடுத்த கலியாணப் படம்

கனமூலையிலும் அதனை அடுத்த ஊர்களிலும் ஒரு வீட்டுக்கு விருந்தினராகச் சென்றால், தேநீர் வருவதற்கு முன்னரே அலுமாரியிலிருந்து கலியாண ஆல்பம் வந்துவிடும். அதைப் புரட்டும்போது நாம் காண்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான். மணமக்கள் நிற்கிறார்கள், பெற்றோர் நிற்கிறார்கள், மாமன் மைத்துனர் வரிசையாக நிற்கிறார்கள். "முகத்தை உயர்த்துங்கள், சற்றே சிரியுங்கள்" என்ற படப்பிடிப்பாளரின் கட்டளை எல்லா முகங்களிலும் எழுதியிருக்கிறது. அன்று அந்த வீட்டில் உண்மையாக என்ன நடந்தது என்பதை மட்டும் அப்படங்கள் சொல்வதில்லை.

இக்காலத்தில் வேறொரு வகைப் படமும் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. அதற்குரிய கலியாணமும் சிறியது. பதிவாளர், இரு சாட்சிகள், நெருங்கிய நண்பர் சிலர், அவ்வளவே. வீட்டார் சம்மதியாமையால் இருவரும் தாமே புறப்பட்டுவந்து எழுதிக்கொள்ளும் கலியாணமும் இதில் அடங்கும். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் கட்டுப்பாடுகளின்போது, ஊரையே அழைக்க எண்ணியிருந்த பெற்றோரும் விறாந்தையில் ஒரு சிலரோடு காரியத்தை முடித்தார்கள். இத்தகைய இடத்தில் படப்பிடிப்பாளர் எவரையும் நிற்கச் சொல்வதில்லை, சிரிக்கச் சொல்வதுமில்லை. ஒதுங்கி நின்று, நடப்பதை நடந்தபடியே எடுக்கிறார்.

"இதென்ன மேல்நாட்டு நாகரிகம்!" என்று சிலர் முகஞ்சுளிப்பதைக் கேட்டிருக்கிறோம். படப்பெட்டி மேல்நாட்டிலிருந்து வந்ததுதான். ஆனால் இந்தப் பார்வை நமக்குப் புதியதன்று. காதலனும் காதலியும் வீட்டார் அறியாமற் செல்வதை நம் முன்னோர் உடன்போக்கு என்றனர். அவ்விருவரையும் வழியிற் கண்டவர் பேசுவதாக அமைந்த பாட்டுக்கு 'கண்டோர் கூற்று' என்று பெயர். குறுந்தொகையின் ஏழாம் பாட்டு, பெரும்பதுமனார் பாடியது, அத்தகையது. வழியில் நிற்பவர் காலடிகளைப் பார்க்கின்றனர். ஆடவன் காலிற் கழல். பெண்ணின் காலிலோ இன்னும் சிலம்பு கிடக்கிறது. திருமணத்துக்கு முன் சிலம்பைக் கழற்றும் நோன்பு ஒன்று அந்நாளில் இருந்தது. ஆகவே, அச்சிலம்பு ஒன்றே இவர்களுக்கு மணம் நிகழவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. கண்டோர் அவர்களைத் தடுக்கவில்லை. பெயர் கேட்டுத் தொந்தரவும் செய்யவில்லை. இரங்குகின்றனர்; கண்டதைச் சொல்கின்றனர். நல்ல படப்பிடிப்பாளர் செய்யவேண்டியதும் இதுவேயன்றோ?

கருவி இதற்கு இடங்கொடுக்க நெடுங்காலம் ஆயிற்று. பழைய பெட்டியை முக்காலியில் நிறுத்தி, ஆட்களை அசையாது நிற்கவைத்தே படம் எடுக்க முடிந்தது. 1925இல் கைக்கு அடக்கமான லைக்கா விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியில் எரிக் சாலமன் என்பவர் 1928இல் ஒரு கொலை வழக்கு நடந்த நீதிமன்றத்துக்குள் தொப்பியிற் பெட்டியை மறைத்துச் சென்று படமெடுத்தார். பிரான்ஸின் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தம் லைக்காவின் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மூடிக்கொண்டு, எவரும் கவனியாதபடி உலாவினார்.

அந்த முறை கலியாண வீட்டுக்குள்ளும் புகுந்தது. அமெரிக்காவில் அதற்கு வழிகாட்டியவருள் ஒருவர் டெனிஸ் ரெஜி. கென்னடி ஜனாதிபதியின் மகன் ஜோன், 1996 செப்டெம்பர் 21இல், ஜோர்ஜியாவின் கம்பர்லண்ட் தீவில் கரோலின் பெசெட்டை இரகசியமாக மணந்தார். சின்னஞ்சிறு மரக் கோயில், மின்சாரம் இல்லை, மெழுகுதிரி வெளிச்சம், விருந்தினர் ஏறக்குறைய நாற்பது பேர். இருவரும் கோயிற் படியில் வெளியே வரும்போது மணமகன் மணமகளின் கையை எடுத்து முத்தமிட்டார். ரெஜி அக்கணத்தை எடுத்தார். 1999இல் அவ்விருவரும் விமான விபத்தில் மாண்டனர். அந்தப் படியும் அந்தக் கையும் இன்றும் மக்கள் நினைவில் நிற்கின்றன.

இனி நம் அநுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் கற்ற மாணவி ஒருத்தி கலியாண எழுத்துக்குச் சாட்சியாக வரும்படி கேட்டாள். இருவருக்கும் வயது வந்திருந்தது, உத்தியோகமும் இருந்தது, பெண் வீட்டாருக்கு மட்டும் மனம் இல்லை. ஒரு சிறிய வீட்டு விறாந்தையில் எழுத்து நடந்தது. மணமகனின் நண்பன் ஒருவன் விளக்கு வெட்டாமல், சன்னல் வெளிச்சத்திலேயே படம் எடுத்துக்கொண்டிருந்தான். பேனாவைக் கையில் எடுத்த பெண், கையொப்பமிடுமுன் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் எவரும் இல்லை. அவன் அதையும் எடுத்துவிட்டான்.

பின்னர் படங்களைப் பார்த்தபோது, "இதை நீக்கிவிடு தம்பி, மங்கல நாளில் இந்த முகம் எதற்கு?" என்று சொன்னோம். "இருக்கட்டும், சேர்" என்றான் அவன்.

எட்டு மாதங்களின் பின் பெண்ணின் தாயார் நம் வீட்டுக்கு வந்தார். படம் ஏதும் உண்டா என்று தயங்கிக் கேட்டார். சிரித்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். வாசலைப் பார்த்த படத்தில் அவர் கை நின்றுவிட்டது. "என்னைத்தான் தேடியிருக்கிறாள், சேர்" என்றார். அடுத்த ஞாயிறன்று மகள் வீட்டுக்குப் போனார். ஐங்குறுநூற்றிலே மகளைப் பிரிந்த தாய் இரங்கும் பத்தும் உண்டு. திரும்பி வருதலைப் பாடும் மறுதரவுப் பத்தும் உண்டு. இரண்டையும் பல ஆண்டுகளாக வகுப்பிற் படிப்பித்த நாமே, அப்படத்தை அழிக்கச் சொன்னோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே, சிறிய கலியாணம் செய்வோருக்குச் சில வார்த்தைகள். வருவோர் குறைந்த இடத்தில், வராதவர்களுக்காகவும் பார்ப்பவர் படப்பிடிப்பாளரே. அவரை ஒரு மணி நேரம் முன்னரே வரச்செய்யுங்கள். பழகிய கண்ணுக்கு முன் முகங்கள் இறுக மாட்டா. வாசலிற் கிடக்கும் செருப்புகள், சாட்சியின் நடுங்கும் விரல்கள், மை உலராத பதிவேடு ஆகியனவும் எடுக்கத்தக்கவையே. பாட்டியார் வந்திருந்தால் அவரோடு சேர்ந்து நின்று ஒரு படம் எடுப்பதிலும் குற்றமில்லை.

மற்றொன்று மிக முக்கியம். மணமக்களின் அனுமதியின்றி ஒரு படமும் முகநூலுக்குப் போகலாகாது. வீட்டார் எதிர்ப்புள்ள இடத்தில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பு பெற்ற சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரறிந்த அறிவிப்பு வேண்டியதில்லை என்று 2023இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இந்த ஆபத்தையும் கருத்திற் கொண்டது. கண்டோர் கண்டதைச் சொல்லலாம்; யாரிடம், எப்போது சொல்வது என்பதை மணமக்களே தீர்மானிக்கட்டும்.

படங்களுள் ஒரு சிலவற்றையேனும் கடதாசியில் அச்சிட்டு அலுமாரியில் வையுங்கள். கைத்தொலைபேசி பழுதாகும், கேட்டு வருபவர் என்றைக்கு வருவார் என்பது எவருக்கும் தெரியாது.