வெடிக்கும் நட்சத்திரங்களால் வானத்தை அளப்பது எப்படி?

கி.பி. 1006 ஏப்ரல் 30. ஹிஜ்ரி 396. தென்வானில் அதுவரை இல்லாத ஒரு நட்சத்திரம் வெள்ளியை விடப் பல மடங்கு பிரகாசமாகத் தெரிந்தது. எகிப்தில் அப்போதுதான் கல்வியைத் தொடங்கியிருந்த அலி இப்னு ரிள்வான் அதைக் கண்டார். பின்னாளில் புகழ்பெற்ற மருத்துவரான அவர், அன்று சூரியனும் கோள்களும் இருந்த இடங்களையும் சேர்த்து எழுதி வைத்தார். அந்த வெடிப்பின் நாளை இன்று துல்லியமாகச் சொல்ல முடிவது அவருடைய குறிப்பால்தான்.

ஆம், அது புது நட்சத்திரம் அல்ல. சுமார் 7,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு பழைய நட்சத்திரம் வெடித்த ஒளி. இதற்கு '1ஏ வகை சூப்பர்நோவா' என்று பெயர். பிரபஞ்சத்தை அளக்க இவ்வகை வெடிப்புகளே இன்று அளவுகோல்.

எப்படி? இரவில் கோட்டைப்பட்டினம் கடற்கரையில் நின்று படகுகளின் விளக்குகளைப் பாருங்கள். எல்லாப் படகிலும் ஒரே வாட்ஸ் பல்பு என்றால், மங்கலாகத் தெரியும் படகு தூரத்தில் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும்; மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. பல்பின் வாட்ஸ் தெரிந்தால் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

வானத்தில் அந்த 'ஒரே வாட்ஸ் பல்பு' எது?

எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம் வெண்குள்ளன் எனப்படும். அது அருகிலுள்ள நட்சத்திரத்திலிருந்து பொருளை இழுத்துக்கொண்டே போய், சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கை நெருங்கும்போது வெடிக்கும். இரு வெண்குள்ளன்கள் இணைந்தும் வெடிக்கலாம். வெண்குள்ளனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைக் கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, தம் 19 வயதில், அந்தக் கணக்கைப் போட்டார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த வெடிப்புகள் அனைத்தும் அச்சு அசலாக ஒரே பிரகாசம் கொண்டவை அல்ல. ஆனால் அதிகப் பிரகாசமானது மெதுவாக மங்கும். குறைந்தது சீக்கிரம் மங்கும். இதை வைத்து வேறுபாட்டைச் சரிசெய்கிறார்கள். ஒளி வந்து சேர்வதற்குள் பிரபஞ்சம் விரிவதால் ஒளி அலை நீண்டு சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பது எவ்வளவு விரிந்தது என்பதைச் சொல்லும்.

ஈர்ப்பு விசையால் இந்த விரிவின் வேகம் குறைந்து வரும் என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். 1998-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தொலைதூர வெடிப்புகளை அளந்தபோது, அவை எதிர்பார்த்ததை விட மங்கலாக, அதாவது அதிகத் தொலைவில் இருந்தன. விரிவு வேகமெடுத்து வருகிறது! சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோர் இதற்காக 2011-இல் நோபல் பரிசு பெற்றனர். வேகமெடுக்கச் செய்வதற்கு 'இருண்ட ஆற்றல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது என்னவென்று இன்னும் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வி நம் பிள்ளைகளின் தலைமுறைக்காகவும் காத்திருக்கிறது.

மே, ஜூன் இரவுகளில் நம் மாவட்டத்திலிருந்து தெற்கே, விருச்சிகத்துக்குக் கீழே சற்று மேற்காகப் பாருங்கள். இப்னு ரிள்வான் கண்ட வெடிப்பு அங்கேதான் நிகழ்ந்தது. வெறுங்கண்ணுக்கு இன்று எதுவும் தெரியாது. ஒரு மாணவர் கவனமாகப் பார்த்து எழுதிய குறிப்பு மட்டும் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் பயன் தருகிறது.